செய்யாத சூதும் எட்டாவது பெட்டியும்

மகனுக்கு,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்க எனக்கு வராது. கோபம் தலைக்கேறி நிற்கிறபோதும் அது கடமைதான். ஆகவே அஸ்ஸலாமு அலைக்கும். பதிலை நீ மனதுக்குள் சொல்லிக்கொள். சத்தமாகச் சொன்னால் பெண் கொடுத்த உன் மாமா வீட்டு ஹோலில் இருப்பவர்கள் யாருடைய கடிதம் என்று கேட்பார்கள். நீயும் அவர்களுக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லி வைப்பாய்.

இது திறந்த கடிதம். நீ செய்த காரியத்தை ஆட்கள் முன்னால் செய்தாய், அதனால் பதிலும் ஆட்கள் முன்னால்தான் வரும். ஆனாலும் நீ நான் பெற்ற பிள்ளை என்பதால் முதலில் உனக்கு மட்டும் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு எழும்பிய பிறகு, இதே கடிதத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் குடும்பக் குரூப்பில் போடுவேன். அந்தக் குரூப்பில் உன் மாமாவும் இருக்கிறார், மாமியும் இருக்கிறார், கட்டாரில் இருக்கிற உன் மச்சானும் இருக்கிறார். அதற்கு முன் நீ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால், அவர்களுக்கு இது பழைய செய்தியாகப் போகும். உன் வாப்பா, "விடு புள்ள, குடும்பத்துக்குள்ள கிடக்கட்டும்" என்கிறார். உன் வாப்பா வயலில் வரம்பு உடைந்தாலும் விடு என்கிற மனிதர். நான் விடமாட்டேன்.

விஷயம் தெரியாதவர்களும் நாளைக்கு இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ கலியாணம் முடித்து, நம் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிபோனாய். சம்மாந்துறையில், மாமாவின் வளவுக்குள்ளேயே, உன் பெண்சாதி நஸ்ரினுக்காக அவள் வாப்பா கட்டிக்கொடுத்த வீடு. முன்வீட்டில் அவர்கள், பின்வீட்டில் நீங்கள். புது மாப்பிள்ளை என்றால் அந்த வளவில் உனக்குத்தான் முதல் தட்டு, உனக்குத்தான் பெரிய மீன் துண்டு. நீ உடுப்புப் பெட்டியோடு உன் கம்ப்யூட்டரையும் கொண்டுபோனாய். போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, மாமாவுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் ஒருவருக்கும் முன்னால் பாயில் இருந்து, சூதாடிய பாவத்துக்காக நீ தௌபா செய்தாய். இனி அந்தப் பக்கம் திரும்பமாட்டேன் என்று அல்லாஹ்வின் பெயரால் சொன்னாய். மறுநாள் கம்ப்யூட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, ஓட்டோவில் ஏற்றி, கல்முனைக்கு என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கவைத்தாய்.

நீ வாழ்க்கையில் ஒருநாளும் சூதாடியதில்லை. பெருநாள் மைதானத்தில் வளையம் எறிகிற கடைக்குக்கூடப் போகாத பிள்ளை நீ.

உன் மாமா வீட்டில் சூது என்று நினைத்தது எதை? நீ பள்ளிக்கூட நாளிலிருந்து பைத்தியமாக இருக்கிற அந்த நாலு பரிமாண கியூப்பை. ஆறு பக்கமும் ஆறு நிறமாக, கையில் வைத்துத் திருப்புகிற சாதாரண கியூப் எல்லோருக்கும் தெரியும். இது கையில் பிடிக்க முடியாதது. கணக்கில் மட்டும் இருக்கிறது, கம்ப்யூட்டர் திரையில் அதன் நிழலை மட்டும் பார்க்கலாம். ஆறு பக்கத்துக்குப் பதிலாக எட்டுப் பெட்டி, ஒவ்வொரு பெட்டியும் தனியாக ஒரு கியூப். எனக்கு அது விளங்கிய நாள் நினைவிருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு கரண்ட் போயிருந்தது. நீ தென்னோலை ஈர்க்கில்களை நூலால் கட்டி ஒரு பெட்டி செய்து, அதற்கு முன்னால் டோர்ச்சைப் பிடித்துச் சுவரில் நிழல் விழுத்தினாய். பெரிய சதுரத்துக்குள் சின்னச் சதுரம் தெரிந்தது. "உம்மா, பெட்டிட நிழல் சதுரத்துக்குள்ள சதுரமா விழுது. அப்ப நாலாம் பரிமாணப் பெட்டிட நிழல் என்னமா விழும்?" என்று கேட்டாய். பெட்டிக்குள் பெட்டி என்று நான் சொன்னேன். நீ என் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவளுக்கு அதற்கு மேல் ஒரு விருது தேவையா?

அன்றிலிருந்து நான் அடுப்படியில் நிற்க, நீ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னாய். கேட்க வேறு ஆளில்லை என்பதால்தான் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன். அதனால்தான் இந்தக் கோபம் இப்படி எரிகிறது. நீ எதை விட்டுக்கொடுத்தாய் என்று விளங்காத உம்மாவாக இருந்திருந்தால், "கேம் விளையாட்டை விட்டுட்டான், நல்லது" என்று ரெண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதிருப்பேன்.

உன் மாமா வீட்டாரை நான் குறை சொல்லவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன். உன் மாமியின் தங்கச்சி தேத்தண்ணி கொண்டு அறைக்குள் வந்தாள். திரையில் நிறம் நிறமாய்ப் பெட்டிகள் சுழல்கின்றன. மூலையில் மணிக்கூடு பறக்கிறது. உன் காதில் மாட்டியிருந்ததிலிருந்து வெள்ளைக்காரன் சத்தம் போடுகிறான். நீ மேசையில் அடித்து, "போச்சு, எல்லாம் போச்சு" என்கிறாய். பார்த்தவள் என்ன நினைப்பாள்? போனில் பந்தயம் கட்டிப் பிழைப்பைத் தொலைத்த பொடியன்மாரை இந்தக் கரையில் தெருவுக்குத் தெரு எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவள் பயந்தாள், அக்காவிடம் சொன்னாள், அக்கா புருஷனிடம் சொன்னாள். அந்த மனிதர் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகக் கேட்டார், "மருமகன், நீங்க கம்ப்யூட்டர்ல விளையாடுறது காசு விளையாட்டா?" என்று. பெண்ணைக் கொடுத்த வாப்பா கேட்க வேண்டிய கேள்விதான் அது.

நீ என்ன சொன்னாய்? "ஓம் மாமா."

இது எனக்கு எப்படித் தெரியவந்தது என்றும் கேள். என்னைத் தேற்றுவதற்காக உன் மாமாவே போன் எடுத்தார். "சம்மந்தி, நீங்க ஒண்டுக்கும் கவலப்படாதீங்க. புள்ள தௌபா செஞ்சிட்டாரு. வயசுப் புள்ளயள்தானே. மரைக்காரும் வெளியில கதைக்க மாட்டாரு" என்றார்.

"எதுக்குத் தௌபா?" என்றேன்.

"அதான், அந்தச் சூதுக்கு."

"என்ட மகன் சூதாடின எண்டு ஆரு சென்ன?"

"அவரேதான் சென்ன, சம்மந்தி. நான் கேட்டன், ஓமெண்டாரு."

நான் போனை வெட்டிவிட்டேன். அது மரியாதையில்லாத வேலை. பிறகு எடுத்து மன்னிப்புக் கேட்டேன், அவரும் பெரிய மனதோடு பரவாயில்லை என்றார். ஆனால் உண்மையை அவரிடம் நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, கடித்து அடக்கினேன். நீ போட்ட முடிச்சு அது, நீதான் அவிழ்க்க வேண்டும் என்று நினைத்தேன். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்ததாக உனக்கு எடுத்தேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் காதுக்குள் நிற்கிறது. "உம்மா, புது மாப்பிள்ள நான். மாமாட முகத்துக்கு நேர எப்பிடி இல்லெண்டு செல்ற? நாலு பரிமாணத்தை அவருக்கு எங்க இருந்து விளங்கப்படுத்துற? ஓமெண்டு சென்னன், ஒரு சொல்லுல முடிஞ்சிது. கெதியா முடியிற வழி அதுதான் உம்மா."

கெதியாக, சட்டென்று முடிகிற வழி! நீயா இதைச் சொல்வது? கெதியான வழி என்றால் என்ன என்று வருடக்கணக்காக என் அடுப்படியில் இருந்து பாடம் நடத்திய நீயா?

அந்தப் பாடத்தை இப்போது நான் உனக்கு ஒப்புவிக்கிறேன், பிழை இருந்தால் திருத்து. தொடங்குகிறவன் கையாளும் வழி ஒன்று இருக்கிறது. முதலில் இரண்டு நிறமுள்ள துண்டுகளை எல்லாம் இடத்தில் வைப்பது, பிறகு மூன்று நிறத் துண்டுகள், கடைசியில் நான்கு நிறத் துண்டுகள். விளங்குவதற்கு இலகு, ஆனால் தேடித் தேடியே ஆள் களைத்துப்போவான். அதைவிடக் கெதியான வழி, ஒரு பெட்டியை அடித்தளமாக வைத்து அதிலிருந்து மேலே கட்டிக்கொண்டு வருவது. வெவ்வேறு நிறத் துண்டுகளைச் சோடி சேர்த்து ஒரே தடவையில் உள்ளே இறக்குவது. எல்லாம் முடிந்து ஒரு பெட்டி மட்டும் மிஞ்சும்போது, அதைச் சாதாரண கியூப் என்று நினைத்துக்கொண்டு, கை பழகிய திருப்பல்களையே அதில் போடுவது. கெதி என்பது விரலில் இல்லை என்பாய். விரலை ஓட்டிவிட்டு நடுவில் நின்று முழிக்கிறவனை, மெதுவாகத் திருப்பிக்கொண்டே நிற்காமல் போகிறவன் முந்திவிடுவான் என்பாய். கை இந்தத் துண்டை இறக்கும்போதே கண் அடுத்த துண்டைத் தேடப் போயிருக்க வேண்டும். இப்போது தேவையில்லாத துண்டுகளைத் திரையில் மறைத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறங்கள் கண்ணைக் குழப்பும். நான் புட்டு அவித்துக்கொண்டே ஓம் ஓம் என்பேன். "உம்மா, ஓமெண்டு மட்டும் செல்லாதீங்க, விளங்கல்லெண்டா விளங்கல்லெண்டு செல்லுங்க" என்று என்னைத் திட்டுவாய். என்னைத் திட்டிய வாய்தானே அது?

இன்னும் இருக்கிறது. திரையில் தெரிவது ஏழு பெட்டிதான். நடுவில் ஒன்று, சுற்றிவர ஆறு. எட்டாவது பெட்டி தெரியாது. அது பார்க்கிறவனின் பக்கமாக இருப்பதால் அதை வரைந்தால் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும் என்று வரையாமலே விட்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஏழையும் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, தெரியாத எட்டாவதில் கலைந்து கிடப்பதை மறந்து மாட்டிக்கொள்வார்கள் என்பாய். "அத அடிக்கடி முன்னுக்குத் திருப்பிப் பார்க்கணும் உம்மா" என்பாய். மாமாவும் மரைக்காரும் பாயும் உன் கண்ணுக்குத் தெரிந்தார்கள். உன் பெண்சாதி தெரியவில்லை. அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் மகன்.

அந்தக் கடைசிப் பெட்டிக் கோளாறு நினைவிருக்கிறதா? சாதாரண கியூப் போல நினைத்துத் திருப்பிக்கொண்டு போகிறோம், எல்லாம் சேர்ந்துவிட்டது என்று கையை எடுக்கப்போகிறோம், அந்த நேரம் பார்த்தால் ஏற்கெனவே கட்டி முடித்த பக்கம் புரண்டு கிடக்கும். போட்ட திருப்பல்கள் ஒற்றையில் முடிந்தனவா இரட்டையில் முடிந்தனவா என்பதில் இருக்கிறது விஷயம். ஒற்றை என்றால் மாட்டினாய், நீளமான ஒரு சுற்று வழியில் போய்த்தான் நிமிர்த்த வேண்டும். நீ கண்டுபிடித்தது என்ன? அந்தப் பெட்டிக்குள் நுழைய முன்னமே, போடப்போகிற வழி ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, ஒற்றை என்றால் அதே வேலையைச் செய்கிற வேறு வழியை எடுப்பது. கேட்டால் சின்ன விஷயம். ஆனால் பிரேசிலில் இருக்கிற அந்தப் பெண்பிள்ளையும் பின்லாந்தில் இருக்கிற அந்த வயதான மனிதரும் உன்னோடு சேர்ந்து அதை ஒழுங்காக எழுதி முடிக்கத்தானே இவ்வளவு நாளும் வாரத்துக்கு வாரம் கதைத்தீர்கள்? காதில் மாட்டியதில் சத்தம் போட்ட வெள்ளைக்காரன் அந்தக் கிழவர்தானே? உன் மாமா வீட்டில் அவர் இப்போது சூதாட்டக்காரன். பாவம், மனிதர் பேரப்பிள்ளைகளோடு இருக்கிற படத்தை எனக்குக்கூட அனுப்பியவர்.

"ஓம் மாமா" என்பது உன் பாஷையில் ஒற்றையில் முடிந்த வழி. அப்போதைக்கு எல்லாம் சேர்ந்தது போலத் தெரிந்தது. மாமாவின் முகம் தெளிந்தது, மரைக்கார் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். இப்போது மற்றப் பக்கம் புரண்டு கிடக்கிறது. வா, வந்து நிமிர்த்து.

எனக்கு எதில் அதிகம் எரிகிறது தெரியுமா? போன வருடம் நீ ஒரு கியூப்பை உன் எல்லா நேரத்தையும்விடக் கெதியாக முடித்து, அந்த ஆட்களின் பட்டியலுக்கு அனுப்பி, அவர்களும் உன்னைப் பாராட்டி எழுதினார்கள். ரெண்டு நாள் கழித்து நீயாகவே திரும்பப் பார்த்தபோதுதான், முன்கூட்டிப் பதிந்துவைத்த திருப்பல் வரிசை ஒன்று கைதவறி அமுங்கிவிட்டது உனக்குத் தெரிந்தது. அந்தப் பிரிவில் அதற்கு அனுமதியில்லை. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. நீயாக எழுதிப் போட்டு உன் நேரத்தை நீக்கச் சொன்னாய். நான், "ஆருக்கும் தெரியாட்டி விடன்" என்றேன். நீ முறைத்துப் பார்த்து, "பொய்யான நேரம் ஒண்டு உள்ளுக்கு இருந்தா, மத்தவங்கட உண்மையான நேரத்தையும் ஆரும் நம்பமாட்டாங்க உம்மா" என்றாய். முகம் தெரியாத, ஸலாம் சொல்லாத, நம் பாஷை தெரியாத ஆட்களிடம் அவ்வளவு நேர்மை உனக்கு. சோறு போடுகிற மாமாவிடம் பொய். அதையும் சும்மா பொய்யாகச் சொல்லவில்லை, தௌபாவாகச் செய்தாய். தௌபா என்பது செய்ததை நினைத்து வெட்கப்பட்டு அல்லாஹ்விடம் திரும்புவது. செய்யாததற்கு என்ன வெட்கம், எங்கே திரும்புவது? மாமாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காக அல்லாஹ்விடம் பொய் சொன்னாய் என்பதை என்றாவது உட்கார்ந்து யோசித்தாயா? அது மரியாதை என்று நீ நினைக்கிறாய். அந்த மனிதர் உன்னை மதித்துக் கேட்டார், நீ அவரை உண்மை கேட்கத் தகுதியில்லாதவர் என்று முடிவு கட்டினாய். மாமாவுக்கு நாலு பரிமாணம் விளங்காமல் இருக்கலாம். "காசு விளையாட்டில்ல மாமா, கணக்கு" என்ற வார்த்தை விளங்காதா?

இனி நஸ்ரினைப் பற்றி. முந்தாநாள் லுஹருக்குப் பிறகு அவள் என் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை. உன்னிடம் "மாமியப் பார்த்துட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், நீயும் ஓம் என்றிருக்கிறாய், வேறு என்ன சொல்வாய். நம் பக்கத்தில் பெண் தன் வீட்டைவிட்டு மாப்பிள்ளை வீட்டில் வந்து தங்குகிற வழக்கம் இல்லை. மருமகள் வந்தால் பகலில் வந்து, சாப்பிட்டு, இருட்டுப்பட முன் போய்விடுவாள். நான் அவளை உள்ளே கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, அவள் கதைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

பிறகு சொன்னாள், "மாமி, அறைக்குள்ள எனக்கிட்ட, நான் சூதாடல்ல நஸ்ரின் எண்டு சென்னாரு. வாப்பாட்ட ஓமெண்டு சென்னாரு. ரெண்டுல எது பொய் மாமி?"

எனக்கு நன்றாகத் தெரிந்த பதிலைத்தான் சொன்னேன். என் மகன் சூதாடவில்லை, உன் வாப்பாவிடம் சொன்னதுதான் பொய் என்றேன். அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன், தெளியவில்லை. நான் எழும்பிப்போய், படுக்கை விரிப்பை அவிழ்த்து, கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, உன் கியூப்பைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். எனக்குக் கலைக்கத் தெரியும், சேர்க்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பெட்டிகளைத் திருப்பிக் காட்டினேன், மறைந்து கிடக்கிற எட்டாவதை முன்னுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அவள் கிட்ட வந்து திரையை உற்றுப் பார்த்து, "இதுல காசு எங்க மாமி?" என்று கேட்டாள். எங்கும் இல்லை என்றேன். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே கண் நிறைந்தது.

"அப்ப செய்யாததுக்கு ஏன் மாமி ஓமெண்டாரு?" என்றாள். "நாளைக்கி என்னப் பத்தி ஆராச்சும் வந்து ஒண்டு செல்லுவாங்க. அதுவும் ஒரு பெரிய மனுசன் வந்து மரியாதையா கேட்டா, அதுக்கும் ஓமெண்டு தலையாட்டுவாரா?"

மகன், ஆட்டமாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன ஆதாரத்தில் சொல்வது? சூதாடினாய் என்றதற்குத் தலையாட்டிய பிள்ளை, பெண்சாதியைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் நிமிர்ந்து நிற்பான் என்று நான் எதை வைத்துச் சத்தியம் பண்ணுவேன்? உனக்கு மாமாவின் மனம் நோகாமல் இருந்ததுதான் பெரிது. அவள் தன் வாழ்க்கையைக் கட்டியிருப்பது உன் ஒரு சொல்லில். அந்தச் சொல் யார் கேட்கிறார் என்பதைப் பார்த்து மாறுகிற சொல் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். சூதாடியின் பெண்சாதி என்று ஊர் சொல்வதைக்கூட அவள் தாங்குவாள் போலிருக்கிறது. இதைத் தாங்கமாட்டாள்.

அவள் உன் பழைய அறையில் இருக்கிறாள். அன்று பொழுதுபட நான், "மகள், வாப்பா தேடுவாரு" என்றேன். "அவரு வாப்பாட்ட உண்மையைச் சென்ன பிறகுதான் மாமி நான் போவன்" என்றாள். உன் வாப்பா முற்றத்தில் இருந்து விடு புள்ள என்றார். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்துத்தான் இந்த நிலைமை என்று நான் அவரிடமும் சத்தம் போட்டேன். இனி அக்கம்பக்கத்தில் கதை வேறு மாதிரிக் கிளம்பும். பெண்ணுடைய வீட்டில் மாப்பிள்ளை தனியாக இருக்கிறான், பெண் மாமியார் வீட்டில் இருக்கிறாள். இந்தக் கரையில் இப்படி ஒரு கூத்து நடந்ததில்லை. மாமி கொண்டுவந்து வைக்கிற முதல் தட்டும் பெரிய மீன் துண்டும் உனக்குத் தொண்டையில் இறங்குகிறதா? மாமா இதுவரை ஒன்றும் கேட்டிருக்கமாட்டார், கல்முனை மாமியோடு ரெண்டு நாள் நிற்கட்டும் என்று நினைத்திருப்பார். இன்றைக்கோ நாளைக்கோ இஷாவுக்குப் போகும்போது கேட்பார், மகள் எப்ப வருவா மருமகன் என்று. உன் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு மாமா என்று வரும். அந்தச் சொல்லை விழுங்கு.

இங்கே வராதே. ஓட்டோ பிடித்து வந்து, வாசலில் நின்று, "நஸ்ரின் வா போவம்" என்று கெஞ்சினால் கதவைத் திறக்கமாட்டேன். அவளும் வரமாட்டாள். நீ போக வேண்டியது முன்வீட்டுக்கு, நீ இருக்கிற இடத்திலிருந்து முற்றத்தைக் கடந்தால் போதும். மரைக்காரையும் கூப்பிடச் சொல், அவர் கேட்ட பொய்யை அவர் முன்னாலேயே திருப்பி எடு. மாமா கோபப்படுவார். படட்டும். ஏன் பொய் சொன்னீங்க என்பார். பயந்தேன் என்று சொல், அதுதான் உண்மை. அவர் நாலு நாள் கதைக்காமல் இருக்கலாம். சேர்ந்த துண்டுகளைக் கொஞ்சம் கலைக்காமல் புதுத் துண்டை உள்ளே இறக்க முடியாது என்று நீதான் எனக்குப் படிப்பித்தாய். கலைந்தது திரும்பச் சேரும், வரிசை தெரிந்தவன் பயப்படமாட்டான் என்றும் நீதான் சொன்னாய். ஒரு தௌபா செய்யவும் வேண்டியிருக்கிறது, செய்த பாவத்துக்கு. அதற்குப் பாயும் சாட்சியும் வேண்டாம், தனியாகச் செய்.

இதை நான் தட்டிக்கொண்டிருக்கும்போது நஸ்ரின் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். யாருக்கு எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும், எட்டிப் பார்க்கவில்லை. "மாமி, அவரு சின்னதில இருந்தே இப்பிடியா? ஒரு நாளாச்சும் ஆருக்கிட்டயாச்சும் இல்லெண்டு சென்ன தெரியுமா? அந்தக் குரல் என்னமா இருக்கும்?" என்று கேட்டாள்.

நான் நினைத்து நினைத்துப் பார்த்தேன் மகன். சொல்வழி கேட்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் உன்னைப் புகழ, பூரித்துக்கொண்டு நின்றவள் நான்.

"எனக்கும் தெரியா மகள்" என்றேன்.

உம்மா